கயாவில் விட்ட பழம்

வாயில் சாக்லேட் கரைந்துகொண்டிருந்தபோதுதான் என் பெண் சுஷ்மா அந்தப் பழத்தைக் காட்டினாள்.

மாட்டுங்காவில் மத்தியானம் இரண்டரை. அவள் வேலை பார்க்கும் பிரஸ்ஸல்ஸில் காலை பதினொன்று. லீவு நாள் என்று சுற்றப் போனவள், சாக்லேட் மியூசியத்திலிருந்து வீடியோ கால் போட்டிருந்தாள். அங்கே சின்னக் கரண்டியில் ருசி பார்க்கத் தருகிறார்களாம். நான் மட்டும் சும்மா இருப்பானேன் என்று, போன தடவை அவள் கொண்டுவந்த டப்பாவிலிருந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் பேப்பருக்குள் இருந்தார்.

"அம்மா, இதோ பாரு, கொக்கோ பழம். இதுலேர்ந்துதான் சாக்லேட்டே பண்றா."

வாயை அசைக்காமல் போனைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தேன்.

அந்தப் பழத்தை எனக்குத் தெரியும். பாலக்காட்டில் மன்னி வீட்டுத் தோட்டத்தில், கிளையை விட்டுவிட்டு அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு காய்க்கும். அணிலைத் தவிர யாரும் அதைத் தின்று நான் பார்த்ததில்லை.

அதனால்தான் கயாவில் அதை விட்டேன்.

ஆறு வருஷம் முன்னால், மாமனார் மாமியாருக்குச் சிராத்தம் முடித்து ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஆசையான பழம் ஒன்றைச் சொல்லுங்கள், இனி ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது என்றார் சிராத்தம் பண்ணிவைத்த வாத்தியார். மாம்பழத்தை விட எனக்கென்ன பைத்தியமா? கொக்கோ என்றேன். சத்தியம் முடிந்தது என்று வாத்தியார் எங்கள் கையில் தீர்த்தம் வார்த்தார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிஸ்கெட் கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். பிறகு குனிந்து வாத்தியார் காதில் ஏதோ சொன்னார். வாத்தியார் சிரித்துக்கொண்டே இவர் கையில் மட்டும் இன்னொரு தடவை தீர்த்தம் விட்டார்.

சாக்லேட் கம்பெனியில் பிறக்கிறது என்றே நான் நினைத்திருந்தேன். ஆறு வருஷமாகத் தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று. இவர் பங்கையும் சேர்த்தால் இரண்டு. கயாவிலிருந்து வந்த வாரத்திலிருந்து இவருக்குப் பல் கூச ஆரம்பித்துவிட்டது.

போனவர்களுக்குக் கொடுத்த வாக்கை உட்கார்ந்து தின்று தீர்த்திருக்கிறேன். செய்த சிராத்தமெல்லாம் வீணா? வாயிலிருந்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

பழத்தை அப்படியே அரைக்கிறார்களா என்று கேட்கச் சொன்னேன். சுஷ்மா அங்கிருந்த பெண்ணிடம் கேட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்குக் கீழே ஹார்பர் லைன் ரயில் போனது. ஒன்றும் காதில் விழவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன்.

பழத்துக்குள் வெள்ளையாக ஒரு சதை இருக்கிறதாம். அது புளித்துக் கரைந்து வழிந்து போய்விடுமாம். உள்ளே இருக்கும் கொட்டையைத்தான் காயவைத்து, வறுத்து, சாக்லேட் செய்கிறார்களாம்.

நான் விட்டது பழத்தைத்தானே. கொட்டையைப் பற்றி வாத்தியாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விழுங்கினேன். போன உயிர் திரும்பி வந்தது. சுவரில் மாலையோடு இருந்த இரண்டு பேரையும் பார்த்துக் கும்பிட்டேன். அங்கே என் பெண் ஒன்றும் புரியாமல் சிரித்தாள்.

போனை வைத்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் டப்பாவை இவர் பக்கம் நீட்டினேன். பல் கூசறது, நீயே சாப்பிடு என்பார், தெரியும்.

இவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"கொட்டை மட்டுந்தான்னு நன்னாக் கேட்டியோ? ரயில் போச்சே."

ரயில் போன பிறகுதான் கேட்டேன் என்றேன்.

சாப்பிட்டதும் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டிருந்த பல்செட்டை எடுத்து, உதறி, மாட்டிக்கொண்டார். கயாவுக்கு முந்தின வருஷம் கட்டிய செட், மேலும் கீழும் முழுசாக. தினமும் அதைக் கழுவி வைப்பவள் நான்தான்.

பிறகு கையை நீட்டினார்.

டப்பாவையே கொடுத்துவிட்டேன்.