பச்சைத் தண்ணி

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததுமே லேப் மேடத்துக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே இருப்பது சிறுநீர் இல்லை, பச்சைத் தண்ணி. சோதனைக் குச்சியை முக்கிப் பார்த்தார். சந்தேகமே இல்லை.

"யாரு இந்த உத்தமன்?"

டிரேயில் மற்ற பாட்டில்களில் எல்லாம் நம்பர் ஸ்டிக்கர் இருந்தது. ஓரத்தில் இருந்த இதில் மட்டும் அதுவும் இல்லை. வேலைக்கான மருத்துவச் சோதனைக்கு வந்தவர்களில் பாட்டில் வந்து சேராதது ஏழாம் நம்பர்காரன் ஒருத்தனுடையதுதான். கம்பெனி வேன் ஓட்ட வந்தவன். போதைப் பழக்கம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள் என்பதால், குழாயைத் திறந்து பிடித்துக் கொடுத்திருக்கிறான். மேடத்துக்கு வேறு யோசனையே வரவில்லை.

அதற்குள் செல்போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"நீ மறந்துட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை உன் மேஜையில வெச்சிட்டு வந்தேன். நீ அப்போ ரத்தம் எடுக்குற ரூம்ல இருந்தே. பாப்பா ராத்திரியும் படுக்கையை நனைச்சிட்டா. நீ தண்ணி பாட்டிலை ஒளிச்சு வெச்சியா, பாத்ரூம் குழாயில வாயை வெச்சுக் குடிச்சிருக்கா. எனக்கென்னமோ சர்க்கரையா இருக்குமோன்னு..."

"சர்க்கரையும் இல்ல, வெல்லமும் இல்ல. கொழுப்பு! எல்லாம் நீங்க குடுக்குற செல்லம். மத்தியானச் சாப்பாட்டோட ஒரு டம்ளர். அதுக்கு மேல ஒரு சொட்டு குடுத்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"அதுக்குத்தான் நான் காலையில அங்க வந்தப்போ..."

மேடம் கட் பண்ணிவிட்டார். புருஷன் பேச்சை முழுசாகக் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

வேன்காரன் உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எந்தக் குழாயில பிடிச்சே? வாசல்லயா, பாத்ரூம்லயா?"

"மேடம்?"

"நடிக்காதே. இதுல சர்க்கரை இல்ல, புரதம் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஸ்டிக்கரை வேற கிழிச்சுப் போட்டுட்டே. எங்க காதுலயே பூ சுத்தறியா?"

"சத்தியமா இல்லீங்க. நான் குடுத்தது மஞ்சளாத்தான் இருந்துச்சு. பாத்ரூம் ஜன்னல்ல வெச்சிட்டு ஆயாம்மாகிட்ட சொன்னேன்."

"ஓஹோ! மஞ்சளா இருந்தது நடந்து வர்ற வழியில வெளுத்துப் போச்சாக்கும்."

வேன்காரனுக்கு வியர்த்துவிட்டது. "இந்த வேலையும் போச்சுன்னா வீட்ல அடுப்பு எரியாது மேடம். ஒருவேளை வியாதி கியாதி ஏதாவது இருந்து, அப்படித் தண்ணியா..."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமீபத்தில்தான் இதைப் பற்றி ஒரு கருத்தரங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்திருந்தார். அந்தப் படிப்பை இறக்கிவைக்க ஆள் கிடைக்காமல் இருந்தது.

"இருக்குப்பா, அப்படியும் ஒண்ணு இருக்கு. சர்க்கரை இல்லாத நீரிழிவு. மூளைக்கு அடியில இருந்து ஒரு ஹார்மோன் வரும். தண்ணிய வெளிய விடாதே, உடம்புல நிறுத்துன்னு சிறுநீரகத்துக்குச் சொல்றதே அதுதான். அது சுரக்கலைன்னா குடிச்சதெல்லாம் இப்படிப் பச்சைத் தண்ணியா இறங்கிடும். ஆனா அவங்களுக்குத் தாகம் அடங்கவே அடங்காது. தண்ணிய நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. நீ காலையிலேருந்து வெளியில உக்காந்திருக்கியே, ஒரு வாய் தண்ணி குடிச்சியா?"

"இல்லீங்க மேடம். தாகமே எடுக்கலை."

"அப்ப கெளம்பு!"

பாட்டிலை அவன் கண் முன்னாலேயே தொட்டியில் கவிழ்த்தார். ஏழாம் நம்பருக்கு நேரே 'மோசடி' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். வேன்காரன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"வந்துட்டானுங்க, எங்கிட்டயே வேலையக் காட்ட!" என்றபடி மேடம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒருத்தனை ஒழித்துக்கட்டிய திருப்தியில் நன்றாகப் பசித்தது.

வாசலில் ஆயா எதிரே வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். அந்த வேன்காரத் தம்பி ஜன்னல்ல வெச்சதை எடுத்துட்டு வர மறந்தே போயிட்டேன்."

அவள் கையில் ஒரு பாட்டில். உள்ளே நல்ல மஞ்சள். வெளியே ஏழாம் நம்பர் ஸ்டிக்கர், ஓரம்கூடக் கிழியாமல் இருந்தது.

மேடம் அதைப் பார்த்தார். திரும்பித் தொட்டியைப் பார்த்தார். "ஓடு, கேட்டைத் தாண்டறதுக்குள்ள அந்த ஆளைக் கூப்பிடு!" என்று ஆயாவைத் துரத்தினார்.

"அப்போ நான் கொட்டினது யாரோடது?" என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டார்.

செல்போன் மறுபடி அடித்தது.

"அப்போ என்னைச் சொல்லவே விடலையே நீ. வீட்ல இருந்த உன் லேப் பாட்டில் ஒண்ணுல பாப்பாவோட சிறுநீரைப் பிடிச்சு, டப்பா குடுக்க வந்தப்போ உன் டிரே ஓரத்துல வெச்சிட்டு வந்தேன். சர்க்கரை இருக்கான்னு பார்த்தியா?"

மேடத்துக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"லைன்ல இருக்கியா? நீ சொன்ன ஒரு டம்ளர் முடிஞ்சுது. பாப்பா தண்ணி தண்ணின்னு அழறா, குடுக்கட்டுமா வேண்டாமா?"