கடைசி பெஞ்சு நீதிபதி

2061 ஜூன் 9, வியாழன். மாலை வகுப்பு முடிந்து எழுதுகிறேன்.

தேர்தல் அறிவித்த பிறகு நீதிபதிகளை நியமிப்பது மரபல்ல என்று பழைய அரசு பதினோரு இடங்களைக் காலியாகவே விட்டுப் போனது. அதைப் பாராட்டி நான் சட்டத் தேர்வில் மூன்று பக்கம் எழுதினேன். புதிய அரசு பதவியேற்ற அன்று காலையில் வயது, தகுதி விதிகளை நீக்கியது. மதியத்துக்குள் பதினோரு இடங்களிலும் கட்சியின் இளைஞரணியினர் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் ஓய்வுபெற இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது.

அவர்களில் ஒருவன் கதிர்வாணன், என் வகுப்பில் கடைசி பெஞ்சு. இரண்டு பாடத்தில் இன்னும் அரியர். இன்று அவன் உள்ளே வந்ததும் பேராசிரியரே எழுந்து நின்றார். நானும் நின்றேன். நின்றது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

முதலமைச்சரைக் கேலி செய்து சுவரொட்டி ஒட்டியதற்காக என் அண்ணன் மரியதாஸ் சிறையில் இருக்கிறான். அவனுடைய ஜாமீன் மனு திங்கட்கிழமை கதிர்வாணன் முன்னால்தான் வருகிறது.

"ஐயா, எங்கண்ணன் கேசு..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயாவா? மை லார்டுன்னு கூப்பிடுடா" என்று சிரித்து, தோளில் கை போட்டான். "மச்சான், உன் நோட்ஸ்தான் கிளாஸ்லயே நீட்டா இருக்கும். ஜாமீன் பாடம் இருக்கா?"

எனக்கு நம்பிக்கை வந்தது. ஜாமீன் தருவதற்கான காரணங்களை இடப்பக்கமும் மறுப்பதற்கான காரணங்களை வலப்பக்கமும் எழுதி வைத்திருந்தேன். விரித்துக் கொடுத்தேன்.

வலப்பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டான்.

"இது போதும்டா."