கைபிடித்துக் கொடுப்பது யார்?

"ஒரு பொம்பளை கையை இன்னொரு பொம்பளை பிடிச்சுக் கூட்டிட்டு வாறதா? இந்தக் கோயில்ல இப்படி ஒரு கூத்து நடந்து நான் பார்த்ததே இல்ல!"

இஸ்ரவேல் மாமா வாசல்படியிலேயே நின்று கத்தினார். ஆலயத்தை ஒட்டிய அந்தச் சின்ன அறையில், யூனிஸ் தன் அம்மாவின் சேலை மடிப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். மாமாவின் சத்தம் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்தான் அவளுக்குக் கேட்டது. விடிந்ததிலிருந்தே எல்லாம் அப்படித்தான். மல்லிகை வாசம், கீபோர்டில் யாரோ வாசித்துப் பார்க்கும் கீர்த்தனை, ஜன்னலுக்கு வெளியே சமயநல்லூர் வயல்மேல் இன்னும் கலையாத பனி. கால் தரையில் பாவவே இல்லை.

கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து அவளுக்கு ஒரே கனவுதான். ஆலயத்துக்குக் கூரையே இருக்காது. நடுவில் விரித்த சிவப்புக் கம்பளம் ஆறு மாதிரி நீண்டுகொண்டே போகும். அம்மாவும் அவளும் கைகோத்து நடப்பார்கள். இருபக்கமும் உட்கார்ந்திருப்பவர்களின் முகமெல்லாம் தண்ணீருக்குள் தெரிவதுபோல் ஆடும். பீடத்தை எட்டுவதற்குள் விழிப்புத் தட்டிவிடும்.

இன்றைக்காவது எட்டிவிட வேண்டும். அம்மாவோடு. அது ஒன்றுதான் அவளுக்கு.

"மாமா, இதெல்லாம் அன்னைக்கே பேசி முடிச்சாச்சுல்ல?"

"எங்க முடிச்சது? நீயும் உங்கம்மாவும் பேசி நீங்களே முடிச்சுக்கிட்டீக. 'இந்தப் பொண்ணைக் கொடுக்குறது யாரு'ன்னு பீடத்துல நின்னு ஐயரம்மா கேப்பாக. அதுக்கு ஒரு ஆம்பளைக் குரல் வரணுமா இல்லையா? அப்பன் இல்லேன்னா அண்ணன், தம்பி, மாமன். ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுண்ணே இது?" என்றாள் யூனிஸின் அம்மா தங்கப்பொண்ணு.

"மாப்பிள்ளை என்ன நினைப்பாரு?" மாமா விடுவதாயில்லை.

"அவருகிட்டயும் கேட்டாச்சு மாமா. சந்தோசமாத் தலையாட்டுனாரு."

"அவரு எதுக்குத்தான் தலையாட்டல! பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு, உப்புமா எப்படி இருக்குன்னு கேட்டதுக்கும் அம்புட்டு சந்தோசமா ஆட்டுனாரு. அதுல உப்பே இல்ல!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யூனிஸுக்கும் சிரிப்பு வந்தது. மாமாவுக்கு மட்டும் வரவில்லை.

வெள்ளை அங்கி சரசரக்க ஐயரம்மா உள்ளே வந்தார். முன்பெல்லாம் சபைக் குருவான ஐயருடைய மனைவியைத்தான் ஊரில் அப்படிக் கூப்பிடுவார்கள். இவரோ தானே ஐயராக இந்தச் சபைக்கு வந்தவர். வேறு பேர் வாயில் வராமல் சனங்கள் அதையே வைத்துக்கொண்டார்கள்.

"நீங்களே நியாயம் சொல்லுங்க, ஐயரம்மா. இது அடுக்குமா?"

"அண்ணே, நான் இங்க வந்த புதுசுல, பொம்பளை கையால திருவிருந்து வாங்க மாட்டேன்னு கடைசி பெஞ்சை விட்டு எந்திரிக்காம இருந்தது யாரு?"

மாமா மீசையைத் தடவினார். "அதான் இப்ப வாங்குறேன்ல?"

"அப்பம் கசக்குதா?"

"அதை ஏன் இப்ப இழுக்குறீக..." என்றவரின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "எனக்குப் பிறந்தது மூணும் பயலுக. ஒரு பொண்ணு கையைப் பிடிச்சு அந்தக் கம்பளத்துல நடக்குற கொடுப்பினை இனி எனக்கு எங்கிட்டு வரப்போகுது? அந்த ஆசை எனக்கு இருக்கக் கூடாதா?"

இத்தனை கோபத்துக்கு அடியில் இப்படியொரு ஆசை கிடந்தது யூனிஸுக்குத் தெரியாது. அம்மாவின் கையைப் பற்றியிருந்த அவள் விரல்கள் தாமாகத் தளர்ந்தன.

அம்மா அந்தக் கையை விடாமல் இறுக்கிப் பிடித்தாள்.

"அண்ணே, இவுக அப்பா போனப்புறம் நீ எனக்குச் செய்யாதது எதுவுமில்ல. இல்லேங்கல. ஆனா அன்னையில இருந்து இவ கையை நானும் என் கையை இவளும் விட்டதே இல்ல. இன்னைக்கு மட்டும் எதுக்குண்ணே விடணும்?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். ஆலயத்துக்குள் போனாரா, பஸ் ஸ்டாப்புக்குப் போனாரா, பனியில் தெரியவில்லை.

கீர்த்தனை தொடங்கியது.

அம்மாவும் மகளும் நடந்தார்கள். கூரை இருந்தது. கம்பளத்துக்கும் முடிவு இருந்தது. ஆண்கள் பக்கம் கொஞ்சம் முணுமுணுப்பு, பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். ஜன்னல் கண்ணாடி வழியே நீலமும் சிவப்புமாக வெளிச்சம் கசிந்து இருவர்மேலும் விழுந்தது. அதற்குள் பீடம் வந்துவிட்டது. இந்தத் தடவை யாரும் எழுப்பவில்லை.

"இந்தப் பெண்ணை இந்தப் புருஷனுக்கு மணமுடித்துக் கொடுப்பது யார்?"

ஐயரம்மா கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஆலயமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

முதல் பெஞ்சிலிருந்து கரகரத்த குரல் ஒன்று எழுந்தது. இஸ்ரவேல் மாமா!

"பயப்படாமச் சத்தமாச் சொல்லு, தாயி!"

யூனிஸ் நிமிர்ந்தாள். அம்மாவின் முகத்தை மூடியிருந்த வெள்ளை நெட் முக்காட்டை மெல்ல விலக்கினாள். அம்மாவின் கையை எடுத்து, காத்து நின்ற மாப்பிள்ளை ஆசீர்வாதம் சாரின் கையில் வைத்தாள்.

"நான்தான். கல்யாணப் பொண்ணோட மக."