காராம்பசு சாக்லேட்

சாய்பாபா காலனியில் 'காராம்பசு சாக்லேட்' கடையைத் தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளை கிடையாது. உறையில் கொழுகொழுவென்று ஒரு பசு. அதற்குக் கீழே, 'சுத்தமான பசும்பாலில் செய்தது'. முதலாளி திருமலைசாமிக்கு வாய்தான் மூலதனம்.

அன்று மத்தியானம், கைத்தறிச் சேலையும் ரப்பர் செருப்புமாக ஒரு பெண் வந்தாள். பொற்கொடி என்று பேர் சொன்னாள்.

"ஏனுங்ணா, இதுல பால் சேருதுங்களா?"

"பின்னே? காத்தால கறந்த பாலுங்க அம்மணி!"

"அப்ப வேண்டாமுங்க. நான் பால், தயிரு, நெய்யி, தேனு எதையும் தொடறதில்லைங்க. கன்னுக்குட்டி குடிக்கறத நாம குடிச்சா அது திருட்டுத்தானுங்களே?"

ஆனைமலைப் பக்கம் ஏதோ இயற்கை உணவு முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து இப்படியாம். திருமலைசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டார். கிறுக்குகள் பலவிதம்.

"எங்க கூட்டத்துக்குத் தீபாவளிக்கு ஆயிரம் பெட்டி வேணுமுங்க. வேற கடை பாக்கறனுங்க."

ஆயிரம் பெட்டி! திருமலைசாமி கல்லாவை விட்டு எழுந்தே விட்டார்.

"அம்மணி, நில்லுங்க! இதுல பாலே இல்லீங்க."

"இப்பத்தானுங்க காத்தால கறந்ததுன்னீங்க?"

"அது ஊருக்குச் சொல்றதுங்க."

"யாவாரம்னா எதை வேணாலும் சொல்லுவீங்க. எங்காளுக விவரமில்லாதவங்க, நம்பி வாயில போட்டுட்டா பாவம் எனக்குத்தானுங்க."

மாசாணியம்மன்மேல் சத்தியம் செய்தார். அவள் படியிறங்கினாள். திருமலைசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் அவர் சொன்ன பொய்யையெல்லாம் நம்பிய ஊரில், உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லையா?

கட்டிய மனைவியைக்கூட விடாத பின்கட்டுக்கு அவளைக் கூட்டிப்போனார்.

"நல்லாப் பாருங்க! வனஸ்பதி, மைதா, சக்கரை, கலருக்குச் சாயப்பொடி. பேருக்குக் கொஞ்சம் கோக்கோ. பால் சொம்பு ஒண்ணாச்சும் கண்ணுல படுதுங்களா?"

அவள் ஒவ்வொரு டின்னாகத் திறந்து மோந்து பார்த்தாள்.

"பால் பவுடராச்சும்?"

"அது விக்கிற விலையில கட்டுபடியாகுங்களா அம்மணி?"

"எப்பவாச்சும் ஒரு சொட்டு?"

"கடை தொறந்த நாள்ல இருந்து ஒரு சொட்டுக் கெடையாதுங்க!" சொல்லி முடித்தபோது அவருக்கே நெஞ்சு லேசாகிவிட்டது.

பொற்கொடியின் முகம் மலர்ந்தது. வாசலுக்குப் போய்க் கையசைத்தாள். கண்ணாடி பாட்டில்களும் அரக்குமாக இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

"பெட்டி இன்னும் போடலீங்களே?" என்றார் திருமலைசாமி.

"சாம்பிள் போதுமுங்க. நான் ஃபுட் இன்ஸ்பெக்டருங்க."

திருமலைசாமி திறந்து கிடந்த டின்களை அவசரமாக மூடினார். "அம்மணி, நான் சொன்னதெல்லாம் சும்மா..."

"பதறாதீங்கண்ணா," என்றாள் அவள், பாட்டிலைத் திறந்தபடியே. "நீங்க சொன்னது அத்தனையும் நெசமுங்க, கேசே அதுக்குத்தானுங்க."