சர்ச் வளைவுக்கு ஒரு தூண்டில் கோல்

“அந்தக் கம்பத்தைப் பிடுங்கினவன் எவனா இருந்தாலும் அவன் குடும்பம் விளங்குமா? ஒரு உசிரைக் குடிச்சிட்டு, எங்கேயோ உட்கார்ந்து கிரேவியைத் தொட்டு முழுங்கிக்கிட்டிருக்கான், கொலைகாரப் பாவி!”

ஓடெல் கல்லா மேஜையில் ஓங்கிக் குத்தினான். ஏரிக்கரையில் தூண்டில் கடை வைத்திருப்பவன். அவன் மனைவி வெர்லீன் புழு டப்பாக்களை அடுக்கிக்கொண்டே, “வாரக் கடைசியில வர்ற வெளியூர்க்காரனுங்க வேலையாத்தான் இருக்கும்” என்றாள்.

ஏரியில் பழைய சர்ச் மூழ்கிக் கிடக்கும் சர்ச் வளைவில், தண்ணீருக்கடியில் மரக்கட்டைகள் நிற்கின்றன என்று எச்சரிக்க நட்டு வைத்திருந்த கம்பம் அது. அதை யாரோ பிடுங்கி எறிந்துவிட்டார்கள். அது தெரியாமல் உள்ளூர்க்காரன் வெண்டெல் வழக்கமான வேகத்தில் படகை விட்டான். கட்டையில் மோதியது. படகு கவிழ்ந்து மிதந்தது, ஆள் மிதக்கவில்லை.

தேட வந்த முக்குளிப்பவர்கள் இதே கடையில் நின்று கேட்டார்கள்: “அடியில ஒரே காடா இருக்கு, கை கூடத் தெரியலை. அந்த இடம் பழக்கப்பட்டவங்க யாராவது உண்டா?”

“அந்தப் பக்கம் நான் படகு விட்டதே இல்லை சார்” என்றான் ஓடெல்.

நேற்றோடு தேடலை நிறுத்திவிட்டார்கள். உடல் இல்லாமல் எதை அடக்கம் செய்வது? பாதிரியார் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கதவு மணி சிணுங்கியது. உள்ளே வந்தவள் நேடீன். வெண்டெலின் மனைவி.

“ஒரு தூண்டில் கோல் வேணும், மிஸ்டர் ஓடெல். பாஸ் மீன் பிடிக்க.”

வெர்லீன் கையிலிருந்த டப்பா நழுவியது. நேற்றுதான் கோழி கேஸரோல் செய்து எடுத்துப்போய், இவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்திருந்தாள்.

“நேடீன், உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்லை, மிஸ் வெர்லீன்.”

நேடீன் ஒல்லியான கோல் ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். “இது போதுமா?”

ஓடெலுக்குத் தர்மசங்கடம். ஆனால் வியாபாரி நாக்கு எழவு வீடு பார்க்காது. சரக்கைப் பற்றிக் கேட்டால் ஆட ஆரம்பித்துவிடும்.

“அது சின்னப் பிள்ளைங்க பொடிமீன் பிடிக்கிறதும்மா. எங்க போடப் போற?”

“சர்ச் வளைவுல.”

“அடிப்பாவி!” வெர்லீனால் பொறுக்க முடியவில்லை. “உன் புருஷன் இன்னும் அந்தத் தண்ணிக்குள்ள கிடக்கான். அங்கேயே போய் மீன் பிடிச்சுத் திங்கணுமா? வெட்கமா இல்லை?”

நேடீன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“மத்த கடைங்கள்ல பாசிக்குள்ள போடுற கோலா எடுத்துக் கொடுத்தாங்க, மிஸ்டர் ஓடெல். அங்க பாசிதானே மொய்ச்சிருக்கு? உங்களைவிட அவங்களுக்கு விவரம் பத்தாதா என்ன?”

சுருக்கென்று தைத்தது ஓடெலுக்கு.

“அவனுங்களா? அவனுங்களுக்குக் கோலுக்கும் விளக்குமாத்துக்கும் வித்தியாசம் தெரியாது!” சுவரிலிருந்து தடித்த கோல் ஒன்றை உருவினான். “இந்தா பிடி. ஏழடிக்கு மேல நீளம். நுனி மட்டும்தான் வளையும், முதுகு வளையாது. நைலான் நரம்பெல்லாம் கட்டையில உரசினா அறுந்துடும். பின்னல் நூல்தான் போடணும். பாசியெல்லாம் மேலோட்டமாத்தான்மா. அதுக்குக் கீழே, கம்பம் நின்ன இடத்துக்கு மேற்கால, பெரிய ஓக் மரம் ஒண்ணு வேரோட சாஞ்சு கிடக்கு. கிளையெல்லாம் பழைய சர்ச் சுவரைப் பார்த்து விரிஞ்சிருக்கும். அந்தக் கவட்டைக்குள்ளதான் பெருசு பதுங்கும். முள்ளு மாட்டின உடனே ஒரே இழுப்பு, மேலே கொண்டு வந்துடணும். விட்டோம்னா போச்சு. அதுக்குள்ள போனது எதுவும் தானா வெளியே...”

பாதியில் நிறுத்திவிட்டான்.

“வராது. அதானே?” என்றாள் நேடீன். “ஏரியைச் சுத்தி ஒரு கடை விடாம ஏறி இறங்கினேன். அடியில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியலை. அந்தப் பக்கம் படகே விட்டதில்லைன்னு தேட வந்தவங்ககிட்ட சொன்ன நீங்க, கிளை எந்தப் பக்கம் விரிஞ்சிருக்குன்னு சொல்றீங்க.”

“யாரோ பேசிக்கிட்டாங்க... காதுல விழுந்தது...”

“கம்பம் நின்னா, கட்டை இருக்கிற இடத்துலதான் மீன் இருக்கும்னு ஊரே அங்க வந்து தூண்டில் போடும். அப்புறம் உங்களுக்கு ஏது பெருசு? அதுக்காகத்தான் பிடுங்கினீங்களா?”

ஓடெல் மனைவியைப் பார்த்தான்.

இந்தக் கோடை முழுக்க அவன் தூக்கி வந்த பெரிய பெரிய மீன்களைச் சோளமாவில் புரட்டிப் பொரித்தது வெர்லீன்தான். எங்கே கிடைத்தது என்று கேட்டபோதெல்லாம், பாலத்துக்கிட்ட என்றான். வாய்க்கு ருசியாக இருந்தது. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

“வெர்லீன், வேணும்னு செய்யலை. அவன் அந்த வேகத்துல வருவான்னு நான்...”

“வாயை மூடுய்யா!”

ஆணியில் தொங்கிய படகுச் சாவியை எடுத்து அவன் முகத்தில் விட்டெறிந்தாள்.

“தேட வந்தவங்க இந்த இடத்துல நின்னு கேட்டாங்களே, அப்போ எங்கய்யா போச்சு இந்த ஓக் மரம்? ஷெரீஃபைக் கூப்பிடு. உன் வாயாலயே சொல்லு. முக்குளிக்கிறவங்களுக்கு முன்னால வழிகாட்டிக்கிட்டு உன் படகு போகணும். அந்தக் கவட்டைக்குள்ளயிருந்து இவ புருஷனை மேலே கொண்டு வந்து கொடு. அதுவரைக்கும் என் வாசப்படி மிதிக்காதே!”