துளசிங்கம் அடித்த கடையாணி

பழவேற்காட்டுக் கோட்டைக்குப் போகும் ஏரிக்கரைப் பாதையில் துரையின் கோச்சு வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. கடையாணி முறிந்து சக்கரம் கழன்றுவிட்டது. உச்சி வெயிலில் குதிரைகள் நுரை தள்ளுகின்றன. துரையின் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி ஆளனுப்பி வரவழைத்த குப்பம்மா, செத்துப்போன புருஷனின் தோல் பையை இடுப்போடு அணைத்தபடி நிற்கிறாள். வலையை ஈரத்தோடு போட்டுவிட்டுச் சக்கரச் சத்தம் வந்த திக்கிலெல்லாம் ஓடிய வண்டிப் பைத்தியம் அவள் புருஷன் துளசிங்கம். கல்யாணத்தன்றுகூட, கழுத்து மாலையோடு ஒரு வண்டிக்கடியில் படுத்து அச்சைத் தடவிக்கொண்டிருந்தான். போன மாசம் இதே வண்டிக்கடியில் அவன் படுத்திருந்தபோதுதான், உள்ளே இருந்த துரை பொறுமையில்லாமல் வண்டியை ஓட்டச் சொன்னான். சக்கரம் அவன் மார்மேல் ஏறி இறங்கியது.

"அவன் அடிச்சி வச்ச கடையாணி உங்கிட்ட கீதாமே. குடும்மா, துரைக்கு அவசரம்" என்கிறான் துபாஷி.

வண்டிக்குள் விசிறி அசைகிறது. உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பைத்தியக்காரன் கேட்காமலே இந்நேரம் அடியில் பூந்திருப்பான் என்று நினைக்கையில், குப்பம்மாவுக்கு அவன்மேலும் ஆத்திரம் பொங்குகிறது.

"மொதல்ல துரைய எறங்கச் சொல்லு."

துபாஷி குனிந்து ஏதோ சொல்கிறான். சப்பாத்துக் கால் இரண்டும் சுடுமணலில் இறங்குகின்றன. குப்பம்மா பைக்குள் கைவிட்டு எண்ணெய் மினுங்கும் கடையாணியை எடுக்கிறாள். துபாஷி நீட்டிய கையைத் தாண்டி, ஓங்கி ஏரிக்குள் வீசுகிறாள்.

"இப்ப நடந்து போவச் சொல்லு."