நாலு விநாடிக்கு ரெண்டு சாட்சி

"தடியை இவ்வளவு உசரத்துக்கா தூக்குவாங்க? அது இறங்கி வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் சோறு தின்னுட்டுத் திரும்பி வந்துடுவா!" என்றார் குரோகி, மேஜை மேலிருந்த படத்தைக் காட்டி. முப்பது வருஷத்துக்கு முன் டோக்கியோவின் கலவரத் தடுப்புப் போலீசில் இருந்தவர்.

"ஆக, அடிச்சதை ஒத்துக்கிறீங்க" என்றார் எதிர் நாற்காலியில் இருந்த சவதாரி நொபுயே. அதே முப்பது வருஷத்துக்கு முன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அந்தப் போலீஸ் மேல் கல்லெறிந்த மாணவி. இப்போது கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறார்.

"எங்கே ஒத்துக்கிட்டேன்? தடி பிடிக்கிற விதத்தைத்தான் சொன்னேன்."

"பிடிக்கத் தெரிஞ்சவருக்கு அடிக்கத் தெரியாதாக்கும்!"

நடுவில் பென்சிலும் அழிப்பானுமாக சிசுரு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஐந்து தடவை அழித்து வரைந்தாயிற்று. மணி பதினொன்று இருபது.

போருக்குப் பிறகு டோக்கியோ இரண்டாக வெட்டப்பட்டு, சுமிதா ஆற்றின் நடுவே எல்லைக்கோடு போடப்பட்டதாக ஒரு அனிமேஷன் படம். இருட்டும் மழையும் துரோகமுமாக இரண்டு மணி நேரம். அதில் பாலத்தின் மேல் ஒரு போலீஸ்காரன் ஒரு மாணவியைப் பிடித்து அடிக்கும் நாலு விநாடிக் காட்சி சிசுருவுடையது. நாலு வருஷமாக அடுத்தவர் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே இருப்பதை நிரப்பிக்கொண்டிருந்தவளுக்கு, சொந்தமாகக் கிடைத்த முதல் காட்சி.

"கதை பொய்யா இருக்கலாம், அடி நிஜமா விழணும்" என்று சொல்லிவிட்டார் டைரக்டர். நடக்காத சரித்திரத்துக்கு நேரில் பார்த்த சாட்சி கேட்ட ஒரே மனுஷன் உலகத்திலேயே அவர்தான். போலீஸ் பக்கம் ஒருவர், மாணவர் பக்கம் ஒருவர். பன்னிரண்டு மணிக்குள் இரண்டு பேரும் தங்கள் குடும்பப் பேர் செதுக்கிய முத்திரையை 'சரி' என்று குத்தாவிட்டால் காட்சி குப்பைக்கு. சிசுருவும் பழையபடி நடுவில் நிரப்பப் போக வேண்டியதுதான். கணவாய் மீன் பிடிக்கிற அப்பா, 'காலேஜ் முடிச்சும் பொம்மைதான் போடறியா' என்று போனில் கேட்பார். அந்த வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். பதில் சொல்லி மாளாது.

"முதல்ல கல்லு வந்துதுங்க. அதைப் போடுங்க" என்றார் குரோகி.

"முதல்ல கண்ணீர்ப்புகை வந்துது. அதுக்குப் பதில்தான் கல்லு."

"ஓச்சனோமிசு பாலத்துல எனக்கு ரெண்டு பல்லு போச்சு."

"எனக்கு மண்டையில நாலு தையல். பல்லைக் கட்டிக்கலாம். மண்டையைக் கட்டிக்க முடியுமா?"

"மண்டைக்குள்ள ஏதாவது இருந்திருந்தா அங்கே வந்து நின்னிருப்பீங்களா?"

சிசுரு பென்சிலை மேஜையில் அடித்தாள். முனை முறிந்து பறந்தது.

"போதும்! யார் முதல்ல ஆரம்பிச்சாங்கன்னு இங்கே யாரும் கேக்கலை. கை மேலயா கீழயான்னுதான் கேட்டேன். ஒரு கை சார்! ஒரே ஒரு கை! பெரியவங்கன்னு பார்த்தா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என் பொழைப்பைக் கெடுத்துட்டுப் போயிடுவீங்க போலிருக்கு. எந்திரிங்க. நடிச்சுக் காட்டுங்க."

இருவரும் மிரண்டு எழுந்தார்கள். போஸ்டர் சுருட்டி வைக்கும் அட்டைக் குழாயைக் குரோகியின் கையில் திணித்தாள் சிசுரு. அவர் நொபுயேயின் கோட்டுக் காலரைப் பிடித்தார்.

"அன்னிக்கு இப்படித்தான் பூப்பறிக்கிற மாதிரி பிடிச்சீங்களாக்கும்?" என்றார் நொபுயே. "இழுத்துப் பிடிங்க."

இழுத்துப் பிடித்தார். குழாய் மேலே போனது. காது உயரத்தில் நின்றது. அங்கேயே நின்றது.

"அடிங்க."

"முடியலை."

"அன்னிக்கு முடிஞ்சுதே?"

"அன்னிக்கு முகமூடி போட்டிருந்தேன். மழை வேற. எதிர்ல இருக்கற முகம் தெரியலை."

மூலையில் ஃபேக்ஸ் மெஷின் கீச்சிட்டு ஒரு தாளைத் துப்பியது.

"அசையாதீங்க! அப்படியே நில்லுங்க!" என்று கத்தினாள் சிசுரு. பென்சில் ஓடியது. பாதி வழியில் தொங்கும் தடி, கீழே நிமிர்ந்து பார்க்கும் முகம், அடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் ஒரு தோள். தோள் வலிக்கிறது என்று குரோகி முனகினார். வலிக்கட்டும் என்றாள்.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம். இரண்டு பேரும் தாளைப் பார்த்தார்கள்.

குரோகி சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்துச் 'சரி' என்ற கட்டத்தில் குத்தினார். நொபுயே கைப்பையைக் கிளறினார். தலைகீழாகக் கவிழ்த்தார். சாவி, சீப்பு, சளி மருந்து.

"முத்திரை கொண்டுவரலையா மேடம்?" சிசுரு கடிகாரத்தைப் பார்த்தாள். "கையெழுத்தை டைரக்டர் ஒத்துக்க மாட்டார். இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு!"

நொபுயே சட்டென்று கை நீட்டி, குரோகியின் சட்டைப் பையிலிருந்து அதே முத்திரையை உருவி, 'ஹா' என்று ஊதி, இரண்டாவது கட்டத்தில் ஓங்கிக் குத்தினார்.

"ஐயோ, அது அவரோடது! 'குரோகி'ன்னு விழுந்திருக்கு, செல்லாது!"

"செல்லும். சவதாரிங்கறது வேலைக்கு மட்டும் நான் வெச்சிருக்கற பழைய பேரு" என்றார் நொபுயே. "கல்யாணத்தன்னிக்கு யார் குடும்பப் பேரை வெச்சுக்கறதுன்னு கல்லு, காகிதம், கத்தரி போட்டோம். இந்த மனுஷன் அரை நொடி லேட்டா கையை நீட்டி என்னை ஏமாத்திட்டாரு."

"நான் எங்கேடி ஏமாத்தினேன்?" என்றார் குரோகி, மேஜையில் சிதறியதைக் கைப்பைக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டபடி. "அன்னிக்கும் நீதான் முதல்ல கல்லைக் காட்டினே."